பாட்டு தீர்ந்துபோச்சு, மெட்டு மிச்சமிருக்கு

நோட்டேஷன் மென்பொருளை நேற்று இறக்கிக்கொண்டு, இன்று நாட்டுப்பாடல்களைக் காப்பாற்றக் கிளம்புகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. மடிக்கணினியைக் கட்டிக்கொண்டு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலை எடப்புளி நாடு வரை போகிறவர் அந்த வகையில் உயர்ரகம். கொல்லிமலையை ஆண்ட ஓரியின் கொடையில் வயிறு நிறைந்த கூத்தர்கள் ஆடலையும் பாடலையும் மறந்தே போனதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறாரே, இந்த மலையில் பாட்டு மறந்துபோவது ஈராயிரம் வருஷத்து வழக்கம் என்பது இவருடைய கவலை. தாலாட்டோ நடவுப்பாட்டோ கிடைத்ததைப் போனில் பிடித்துவந்து, மெட்டை மியூஸ்ஸ்கோரில் சுரம் சுரமாக ஏற்றிவிடுவார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல காதுதான். வினை சொற்களை ஏற்றும்போது வருகிறது. முதல் சுரத்தைத் தொட்டு, கண்ட்ரோல்-எல் அழுத்தி, ஒரு சொல்லைத் தட்டுவார். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்குப் போகும். அங்கே ஸ்பேஸ் அடித்தால் அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். ஆக, சுரத்துக்கு ஒரு சொல். 16 சுரம் உள்ள அடியில் ஐந்தாவது சுரத்தோடு பாட்டு தீர்ந்துவிடும். மீதி 11 சுரமும் சொல்லில்லாமல் விழித்துக்கொண்டு நிற்கும். மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்.

யாரோ ஒருவர் ஹைஃபனைக் காட்டிக்கொடுத்ததும் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. ஹைஃபன் போட்டால் சொல் உடைந்து, மிச்சம் அடுத்த சுரத்தடியில் போய் உட்காரும் என்று தெரிந்த கணத்திலிருந்து எதையும் முழுசாக விடமாட்டார். எழுத்துக்கூட்டிப் படித்த பள்ளிக்கூடம் கைகொடுக்க, ‘பத்து’ என்பதை ப, த், து என மூன்றாக அறுத்து மூன்று சுரத்தில் தொங்கவிடுவார். அந்த ‘த்’தை ஒரு தட்டு முழுக்கப் பாடச் சொன்னால், பாடுகிறவர் நாக்கைப் பல்லில் ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்க வேண்டியதுதான். அடுத்த வரியில் ‘கண்ணே’யும் இதே கதிக்கு ஆளாகும். ஆனால் இங்கே சிரிப்பதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இசையோடு சேரும்போது எழுத்துகள் தம் மாத்திரை அளவைத் தாண்டி ஒலிக்கும், ஒற்றும்கூட நீளும் என்று தொல்காப்பியர் நூன்மரபின் கடைசி நூற்பாவில் இடம் விட்டிருக்கிறார். ‘ண்’ மூக்கில் ரீங்கரித்து நீளும், ‘ம்’ நீளும்; ‘த்’ நீளாது. அதாவது நம்மவர் செய்ததில் பாதிக்கு இலக்கண அனுமதி உண்டு. எந்தப் பாதிக்கு என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அவர் தடுமாற்றத்துக்குக் காரணம் கணினி அறிவுக் குறைவு என்று மருமகப்பிள்ளைகளும், சங்கீத ஞானக் குறைவு என்று வித்வான்களும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. அச்சில் பார்த்த சொல்லை அவர் கண்ணால் வெட்டுகிறார். பாட்டோ வாய் வெட்டும் இடத்தில் வெட்டுப்படுகிறது. வாய் ‘ப’வைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய், ‘த்து’வைக் கடைசி நொடியில்தான் போடும். அவர் ஏறிவந்த மலைப்பாதை மாதிரி, எத்தனை வளைவு வந்தாலும் அசை ஒன்றே. மென்பொருளில் அதற்கு வழி இருக்கிறது: சொல்லின் நடுவில் நீண்டால் ஹைஃபனையே திரும்பத் திரும்ப அடிக்கலாம், கடைசி அசை நீண்டால் அண்டர்ஸ்கோர். ஆனால் எங்கே நீள்கிறது என்பதை எந்த விசையும் சொல்லாது. 1893-ல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐரோப்பிய ஐந்து கோட்டில் அச்சிட்டபோதும், 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியைக் கொண்டுவந்தபோதும் இதே கேள்வியைத்தான் வரிக்கு வரி தீர்க்க வேண்டியிருந்தது. நம் பாட்டுப் புத்தகங்களில் சுரவரிக்கு இடையே விழும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அந்தத் தீர்ப்புகள்தாம். ஆகவே 16 சுரத்தோடு மல்லுக்கட்டும் மனிதர் பெரிய இடத்துச் சண்டையில்தான் மாட்டியிருக்கிறார்.

போனில் பதிவு இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். பதிவு ஒரு குரலைக் காப்பாற்றும். ஆனால் அந்தத் தாலாட்டை 30 பிள்ளைகள் ஒரே வாயாகப் பாட வேண்டுமென்றால், எந்த அசை எந்தத் தட்டில் விழும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்; பதிவு அதைச் செய்து தராது. ஐந்து கோட்டில் கமகம் நிற்காதே என்பார் வித்வான். நிற்காதுதான். தீட்சிதரே கமகத்துக்குத் தனிக் குறிகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் இங்கே கேள்வி அசை எங்கே விழுகிறது என்பது. அதற்கு அந்தக் கோடுகள் போதும்.

மூன்றாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது: பாட்டி ஒரு தடவை பாடியபடி மறுதடவை பாடமாட்டாள், பிறகு எதை எழுதுவது? இரண்டையும் எழுதலாம், காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம்மவர் அதைச் செய்வதில்லை என்பதால், இந்த இடத்தில் அவருக்காக வாதாட முடியாது. முதல் கண்ணியை ஒருவழியாகப் பொருத்தி முடித்தவருக்குத் தன் கோப்பின்மேல் தாளாத பாசம் வந்துவிடுகிறது. இரண்டாம் கண்ணியில் ஓர் அசை கூடுதலாக இருக்கும். பாட்டி யோசிக்காமல் இரண்டு அசையை ஒரே தட்டில் நெருக்கிவிட்டுப் போயிருப்பாள். இவரோ மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, “அந்த ஒரு எழுத்தை மட்டும் விட்டுட்டுப் பாடுங்க பாட்டி, இங்க இடமில்ல” என்பார். “அத உட்டா புள்ள எப்பிடிப்பா தூங்கும்?” என்பாள் அவள். ஒரு சுரத்தை இரண்டாக வெட்டினால் அந்த அசை உட்கார்ந்துவிடும். முதல் கண்ணிக்கு அதே இடத்தில் ஒரு வில்கோடு போட்டால் தீர்ந்தது. வெட்டமாட்டார். முதல் கண்ணி பார்க்க அழகாக இருக்கிறதாம், கலைந்துவிடுமாம்.