பாக் வந்த வீடு

கேள்வி: இளையராஜாவின் இசையில் மேற்கத்திய இசைமேதை பாக் ஒளிந்திருக்கிறாரே, அது காப்பிதானே?

பதில்: காப்பி அல்ல, காணிக்கை. ஒளிவுமறைவும் இல்லை. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பு தியாகராஜருக்கும் பாகுக்கும் சமர்ப்பணம். அதில் ஒரு படைப்பின் பெயரே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. தனி வயலினுக்கு பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பிசை அதில் ஒலிக்க, ராஜாவின் வயலின்கள் அதனோடு பேசுகின்றன. அந்த உரையாடல்தான் அழகு.

எடுத்தாள்வதே காப்பி என்றால், பாக் யாரிடம் எடுத்தார்? இசையமைப்பாளர் விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய கான்செர்ட்டோவை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றியவர் அவர். முத்துசுவாமி தீட்சிதரோ வெள்ளைக்காரர் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று பாட்டு வகுப்புப் பிள்ளைகள் இன்றும் பாடுவது அவற்றைத்தான்.