கார் குளிர, ஊர் வேகலாமா?

கேள்வி: பஞ்சிகாவத்தையில் கார் ஏசி கொம்பிரசர் ஒன்று வாங்கினேன். வீட்டிலேயே பூட்டலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் பூட்டலாம். ஆனால் பழைய காஸைத் திறந்துவிடாதீர்கள். கராஜ் மெஷின் அதை உறிஞ்சி எடுக்கட்டும். ஆர்-134ஏ என்ற அந்தக் காஸ் கொதிப்பது மைனஸ் 26 பாகையில். கையில் பீறினால் கொழும்பு வெயிலிலும் தோல் உறைந்துபோகும். காற்றில் கலந்தாலோ, 100 ஆண்டுக் கணக்கில், காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும்.

டிரையரையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகவே போடுங்கள். பழைய எண்ணெயில் உலோகத்தூள் மின்னினால் குழாய்களைக் கழுவாமல் பூட்டாதீர்கள். வேக்குவம் பிடிக்காமல் காஸ் அடித்தால், உள்ளே தங்கிய ஈரம் புதுக் கொம்பிரசரையும் தின்றுவிடும்.

கார், ஹைபிரிட் வகையான பிரியஸோ அக்வாவோ என்றால் தொடவே வேண்டாம். அதன் கொம்பிரசரை ஓட்டுவது பெல்ட் அல்ல, உயிரை எடுக்கக்கூடிய உயர் அழுத்த மின்சாரம்.