நட்சத்திரப் பொருத்தம்

என்ன பேராண்டி, விடியக்காலையிலேயே செல்லும் கையுமா? ஓ, மனநல டாக்டருக்கு நட்சத்திரம் பாக்குறியாக்கும்! பாரு, பாரு. உங்க ஆத்தாளுக்கு மாப்பிள்ளை பாக்கையில ஜோசியரு பத்துக்கு ஒம்போது பொருத்தம்னாரு. உங்க அப்பனைத்தான் நீ தெனமும் பாக்குறியே.

சரி, வாசி. “ஒன்றரை மணி நேரம் காக்க வெச்சாங்க, ஒரு ஸ்டார்.” “வண்டி நிறுத்த எடமில்ல, ரெண்டு ஸ்டார்.” “டோக்கன் குடுக்குற பொண்ணு சிடுசிடுங்குது.” இதுல மனசு எங்கப்பா வருது?

அதுக்காக ஒதுக்கிப்புடாத. எழுதிக் குடுத்த மாத்திரை சரியா தப்பான்னு போனவனுக்குத் தெரியாது. டாக்டர் அவன் மூஞ்சியப் பாத்துப் பேசுனாரா, கம்ப்யூட்டரப் பாத்துப் பேசுனாரா, அது நல்லாவே தெரியும். கூட வந்த அண்ணங்காரங்கிட்டயே எல்லாத்தையும் விசாரிச்சுட்டு இவன ஒரு வார்த்தை கேக்காம விட்டாரா, அதுவும் தெரியும். “அஞ்சு நிமிசத்துல சீட்டு எழுதி அனுப்பிட்டாரு”ன்னு ஒருத்தன் எழுதுனா ஆத்திரம்னு விடு. வேற வேற மாசத்துல நாலு பேரு அதையே எழுதியிருந்தா நம்பு. ஒரே வாரத்துல வரிசையா அஞ்சு ஸ்டார் வந்து விழுந்திருந்தா, அது மேனேஜரோட மச்சான் வேலை.

அந்தா, கீழ ஒண்ணு கெடக்கே, அத வாசி. “வாய் காஞ்சுபோச்சு, குமட்டுது, பலன் துளியும் இல்ல, போலி டாக்டர்.” மாத்திரை போட்டு எத்தனாம் நாளு எழுதியிருக்கான்? நாலாம் நாளு! மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட ரெண்டு வாரம், நாலு வாரம் ஆகும். சில பேருக்கு இன்னும் கூட ஆகும். பக்கவிளைவு மட்டும் மொத நாளே வந்து திண்ணையில உக்காந்துக்கும். அத முன்னாலயே சொல்லி அனுப்புறது டாக்டரோட வேலை. சொல்லலன்னா அந்த ஒரு ஸ்டாரு சரிதான், அவன் எழுதுன காரணந்தான் தப்பு.

சொகமானவன் எங்கன்னு கேக்குறியா? காலொடிஞ்சு நடந்தவன் போட்டோவோட போடுவான். மனசு தேறுனவன் பேரு போட்டு எழுதுனா, மறுநாளே பொண்ணு வீட்டுக்காரன் படிச்சுருவானே! அவன் வாயத் தெறக்க மாட்டான். டாக்டராலயும் மறுத்துப் பேச முடியாது. “இவரு என்கிட்ட வந்தவரு”ன்னு பொதுவுல சொன்னாலே நோயாளி ரகசியம் போச்சு.

வீட்டாளுக எழுதுறதத்தான் நான் ரெண்டு தடவ வாசிப்பேன். “பையன் இப்ப சத்தமே போடுறதில்ல, பரம திருப்தி, அஞ்சு ஸ்டார்.” சத்தம் இல்லன்னா சொகமா, இல்ல நாள் பூரா தூங்கி வழியுறானா? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில மனநோயாளிகளக் கட்டிவெச்ச கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கெடந்தவுக 28 பேரு ஓட முடியாம செத்தாக. அவுகள அங்க விட்டுட்டு வந்த சொந்தக்காரவுகள முந்துன நாள் கேட்டிருந்தா, எத்தன பேரு நல்ல எடம்னு சொல்லியிருப்பாகளோ! 2017-ல வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடக்கூடாதுங்குது, மயக்க மருந்து இல்லாம கரண்டு வைத்தியம் கூடாதுங்குது. தனக்கு என்ன வைத்தியம் வேணும், எது வேணாம்னு நோயாளியே முன்கூட்டி எழுதி வெக்கலாங்குது. இதெல்லாம் நீ போற ஆஸ்பத்திரியில நடக்குதான்னு எந்த ஸ்டாரும் சொல்லாது.

நேர்ல போய்க் கேளு. எனக்கு என்ன, எத்தன நாளைக்கு மாத்திரை, என்ன பக்கவிளைவு வரும், ஒத்துக்கலன்னா யாரக் கூப்புடணும். நீயா மாத்திரைய நிறுத்திப்புடாத. அதுக்குள்ள ராத்திரி தூக்கமில்லாமத் தவிச்சா 14416-க்குப் போடு. சர்க்கார் நம்பரு, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

கேள்வி கேட்டதுக்கு டாக்டர் எரிஞ்சு விழுந்தா, எந்திரிச்சு வந்து அத எழுது. பேரு போட்டே எழுது. அதப் படிச்சுட்டு ஓடிப்போற சம்பந்தம் நமக்கு எதுக்கு?