அண்ணாச்சி பதில்கள்: ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல்

கே: நாங்கள் சி.எஸ்.ஐ. புது மருமகள் ஆர்.சி. வரும் கிறிஸ்துமஸுக்கு யார் கோயிலுக்கு யார் போவது என்று வீட்டில் இப்போதே பட்டிமன்றம். தீர்ப்புச் சொல்லுங்கள் அண்ணாச்சி.
– வாசகி, பெருமாள்புரம்

ப: கடிகாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்களுக்கு 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை, நமக்கு 25 விடியுமுன் ஆராதனை. குடும்பத்தோடு இரண்டுக்கும் போகலாம், நடுவில் தூக்கம்தான் கிடைக்காது. ஒன்று மட்டும் கவனம். நற்கருணை வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது கூடவே போய் நிற்காதீர்கள். பிற சபையாருக்குக் கொடுப்பதில்லை என்பது அவர்கள் ஒழுங்கு. அதேபோல நம் திருவிருந்துக்கு மருமகள் எழுந்து வராவிட்டால் நீங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

கே: ஆர்.சி.க்காரர்கள் சப்பரம் இழுக்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், முழங்காலில் நிற்கிறார்கள். நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். யாருக்குப் பக்தி அதிகம்?
– வாசகர், டோனாவூர்

ப: பிரசங்க நேரத்தில் நம் பெஞ்சுகளில் நடப்பதற்குச் "சும்மா உட்கார்வது" என்றா பெயர்? குறட்டைச் சத்தம் கேட்டதில்லையா?

உவரி அந்தோணியார் கோயிலில் ஒரு பாட்டியைக் கவனித்திருக்கிறேன். சப்பரம் பக்கத்தில் வரும் வரை காத்திருந்து, கட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நம் ஐயர் இருபது நிமிடம் ஜெபித்துச் சொல்வதை அவர் இரண்டு விரலால் சொல்லி முடித்தார். எனக்குச் சப்பரம் இழுக்கத் தோன்றாது. அந்தப் பாட்டிக்கு நம் பெஞ்சு ஒத்துவராது. இதில் அளவுகோல் எதற்கு?

போகட்டும், நாமாவது ஒரே மாதிரியா? அந்தக் காலத்தில் எஸ்.பி.ஜி. மிஷன் ஊர்களில் அங்கி, மெழுகுவத்தி என்று கொஞ்சம் ஆடம்பரம். சி.எம்.எஸ். ஊர்களில் வேதப்புத்தகமும் வெறும் மேசையும் போதும். இந்த இரண்டு பேரையும் மேய்க்க 1877-ல் ஒரே நாளில், கல்கத்தாவில், ஒரே ஜில்லாவுக்கு இரண்டு உதவிப் பேராயர்களை அபிஷேகம் செய்தார்கள்: அந்தப் பக்கத்துக்கு இடையன்குடி கால்டுவெல், இந்தப் பக்கத்துக்குப் பாளையங்கோட்டை சார்ஜென்ட். இரண்டும் சேர்ந்து ஒரு பேராயரின் கீழ் வந்தது 1896-ல்.

கே: சபைக்குள் சண்டை, பிரிவினை எல்லாம் இந்தக் காலத்து வியாதிதானே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: ஊசிக்கோபுரத்து நிழலில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா தம்பி இது? அந்தக் கோயிலை 1826-ல் கட்டிய ரேனியஸ் ஐயர் ஜெர்மன்காரர், லுத்தரன் வழி வந்தவர். சம்பளம் கொடுத்ததோ ஆங்கிலிக்கன் சங்கம். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் பேராயர்தான் கொடுக்க வேண்டுமா, நாங்களே கொடுக்கலாமா என்று வாக்குவாதம் முற்றி, ஆங்கிலிக்கன் ஒழுங்கை விமரிசித்து அவர் எழுதவும் போக, 1835-ல் வேலையை விட்டே நீக்கினார்கள். ஆற்காட்டுப் பக்கம் போனவரை இங்குள்ள சபையார் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். ஊருக்கு ஊர் இரண்டு கட்சி. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் கொதிப்பு அடங்கியது. உங்கள் சபைத் தேர்தல் சண்டையில் இந்த அளவு விஷயம் உண்டா?

கே: பாமாலையும் கீர்த்தனையும் இருக்க, பையன்கள் கீபோர்டு, டிரம்ஸ் என்று கோயிலைக் கச்சேரி மேடை ஆக்குகிறார்கள். கண்டிக்க மாட்டீர்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாந்திநகர்

ப: சாரே, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் கீர்த்தனையே ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றதுதான். பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் இருந்துகொண்டு நம் இராகங்களில் பாட்டுப் பாட்டாக எழுதிக் குவித்தார். பின்னால் வந்த மிஷனரிகள் சிலருக்கு அது ஆகவில்லை. ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள், பண்டிகைக்குப் பூ வைக்கவிட மாட்டேன் என்கிறார்கள் என்று சாஸ்திரியார் கொடுமைகளைப் பட்டியல் போட்டே எழுதினார். சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு கொடுமை. பாட்டிலும் பூவிலும் நான் சாஸ்திரியார் கட்சி. மூன்றாவதில் எதிர்க்கட்சி.

1853-ல் மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை மெல்ல மெல்ல எல்லாக் கோயிலுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆர்மோனியம் நம் ஊர் வாத்தியம் என்று வேறு நினைத்திருப்பீர்கள். அதுவும் கப்பலில் வந்த பெட்டிதான். பையனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், வாசிக்காதே என்று சொல்லாதீர்கள்.

கே: எல்லா முறையையும் மதிக்க வேண்டும் என்றால், சாதிக்கு ஒரு பக்கம் உட்காருவதும் அந்தந்த ஊர் முறைதானே?
– பெயர் வேண்டாம், ராதாபுரம் வட்டம்

ப: இல்லை.

ஒரே வார்த்தையில் நிறுத்தியிருப்பேன். உங்கள் வட்டத்திலேயே வடக்கன்குளம் இருக்கிறதே என்பதால் தொடர்கிறேன். 1745-ல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்ததே, அவர்தான். அதே ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரியும் மண்டபம், இரண்டுக்கும் நடுவே தடுப்பு. ஒரு காலில் வேளாளர் தரப்பு, மறு காலில் நாடார் தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே சாமியாரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-ல் தடுப்பை எடுத்தார்கள். விட்டார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். இன்றும் சில ஊர்களில் கோயில் ஒன்று, கல்லறைத் தோட்டம் இரண்டு. இதையும் ஆராதனை முறை என்று என்னிடம் விற்கப் பார்க்காதீர்கள்.

கே: வெள்ளைக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறோமே. நம் முறையில் கும்பிட யாருக்குமே தோன்றவில்லையா?
– வாசகர், நாசரேத்

ப: பக்கத்தில்தானே மூக்குப்பேரி, ஒரு நடை போய்வாருங்கள். எஸ்.பி.ஜி. மிஷனில் ஆசிரியராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை அங்கிருந்த வெள்ளைக்கார மிஷனரியோடு மோதி வெளியேறி, 1857-ல் தனிச்சபையே தொடங்கிவிட்டார். இந்து கிறிஸ்தவ சபை என்று அதற்குப் பெயர். ஞாயிறு வேண்டாம், வேதத்தில் உள்ள ஓய்வுநாள் சனிதானே என்று சனிக்கிழமை ஆராதனை. சாம்பிராணி உண்டு. சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுவது உண்டு. மிஷன் பணம் கிடையாது. இதையெல்லாம் அவர் எங்கே பிடித்தார் என்பதில்தான் சாமர்த்தியம். தூபமும் சாஷ்டாங்கமும் எங்கள் பழைய வழக்கம், விடமாட்டோம் என்று அவர் சண்டை போடவில்லை. பழைய ஏற்பாட்டைத் திறந்து, "இதோ எழுதியிருக்கிறது, நீங்கள் ஏன் செய்வதில்லை?" என்று மிஷனரிகளையே திருப்பிக் கேட்டார். கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகத்தையும் அவர் சும்மா விடவில்லை.

நம்மிடம் வெள்ளைக்காரன் கற்றுக்கொண்டதும் உண்டு. 1947-ல் சி.எஸ்.ஐ. பிறந்தபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாரும் ஒரு பந்தியில் உட்கார வேண்டியதாயிற்று. 1950-ல் வந்த திருவிருந்து ஒழுங்கில் ஐயர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நின்றார். சமாதானம் கூறுதல் கேரளத்துச் சிரியன் சபைகளிலிருந்து வந்தது. நீட்டிய கையைப் பக்கத்திலிருப்பவர் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பின்னால் பல நாட்டுச் சபைகள் தங்கள் ஒழுங்கைத் திருத்தியபோது இந்தப் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தன. சி.எஸ்.ஐ.யின் பொது ஆராதனைப் புத்தகம் 1963-ல் வந்தது. தாய்மொழியில் பூசை வைக்க வத்திக்கான் சங்கம் கதவைத் திறந்ததும் அதே 1963 டிசம்பரில்தான். அதன் பிறகே நம் ஆர்.சி. சொந்தங்கள் பூசையைத் தமிழில் கேட்டார்கள்.

கே: பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டிக் குதிக்கிறார்களே, அது பயபக்தியா?
– வாசகி, மேலப்பாளையம்

ப: 150-ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். அதில் உள்ள வாத்தியங்களை எல்லாம் ஒன்றாக வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போடுவார். கண்ணை மூடி மெதுவாக அழுகிற பக்தியும் உண்டு, கையைத் தூக்கி அழுகிற பக்தியும் உண்டு. மார்கழிக் குளிரில் தெருத்தெருவாக ஜால்ரா தட்டிப் பஜனை போகிற நாம் இந்தக் கேள்வியைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

கே: கூம்பு ஒலிபெருக்கி?
– இரவுப் பணி நர்ஸ், ஹைகிரவுண்ட்

ப: அது ஆராதனை முறையில் சேராது. எந்தச் சபை, எந்த மதம் வைத்தாலும்.

கே: ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லாத கிறிஸ்தவ சபை உண்டா?
– வாசகர், வண்ணார்பேட்டை

ப: உண்டு. இரட்சணிய சேனை. கொடி, சீருடை, டிரம் எல்லாம் உண்டு, அந்த இரண்டு மட்டும் கிடையாது. அதன் தென்கிழக்குப் பிராந்தியத் தலைமையகமே நம் மகாராஜநகரில்தான். பஸ்ஸில் போகும்போது போர்டைப் பார்த்திருப்பீர்கள்.

கே: எந்தச் சபையின் அசனம் ருசி?
– பசியோடு ஒருவர், நாங்குநேரி

ப: இரண்டாம் பந்தியில் கறி மிச்சம் இருக்கிற சபை.

கே: அடுத்த ஞாயிறு வேறொரு சபைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.
– வாசகர், சேரன்மகாதேவி

ப: வாசலில் செருப்புக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் கழற்றுங்கள். ஆண்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். கைதட்ட வராவிட்டால் தட்ட வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். காணிக்கைக்குச் சில்லறை எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும், "அங்கே ஆராதனை ரொம்ப நன்றாக இருந்தது" என்று உங்கள் ஐயரிடம் உடனே ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். காணிக்கை எண்ணி முடித்து, மனுஷன் ஒரு காப்பி குடிக்கட்டும்.