பசுமை சார்

விடிந்தும் விடியாத நேரத்தில் அண்ணனூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு சைபீரியன் ஹஸ்கி யாரையாவது இழுத்துக்கொண்டு போனால், இழுபடுகிறவர்தான் பசுமை சார். தோளில் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்தபோது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று பால் பூத்தில் நின்று பெருமைப்பட்டார். யாரிடம் சொன்னார் என்றுதான் தெரியவில்லை.

இவர் மாதிரி ஆவடியிலும் உண்டு, அம்பத்தூரிலும் உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவரிடம் நாய் ஒன்று, பூனை ஒன்று. சிறுதானிய ஆண்டான 2023-ல் வந்தவை என்பதால் நாய்க்குத் தினை என்றும் பூனைக்கு வரகு என்றும் பெயர். இரண்டும் இன்றுவரை சிறுதானியத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை.

தினை காலைக்கடனை முடித்ததும் சார் மஞ்சப்பைக்குள் கையை விட்டு, மக்காச்சோள மாவில் செய்த பை ஒன்றை உருவுவார். வாக்கிங் போகிறவர்களுக்கும் தெரியும்படி உதறுவார். "ஆறே மாசம், மண்ணோட மண்ணாயிடும்." அள்ளி, முடிச்சுப் போட்டு, குப்பை வண்டியில் போடுவார். அந்த ரகப் பை ஒழுங்காக மக்க, காற்றும் ஈரமும் 50, 60 டிகிரிச் சூடும் உள்ள உரக்கூடம் வேண்டும். இதுவோ குப்பைமேட்டில் தெர்மாகோலுக்கும் டயருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும். இருந்தாலும் அள்ளுகிறாரே, அதைச் சொல்ல வேண்டும். அள்ளாத பெருமக்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நாம் தினமும் ரயிலுக்கு ஓடுகிறோம்.

தினைக்கு மூங்கில் சீப்பு ஆர்டர் போட்டார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பபிள் ராப், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் சீப்பு. உறைகளை எறிய மனமில்லாமல் "ரீயூஸ் பண்ணிக்கலாம்" என்று பின்னறையில் வைத்தார். அந்த அறைக்குள் இப்போது ஆள் நுழைய முடியாது.

பனியில் வண்டி இழுத்த இனம் ஹஸ்கி. மே மாதம் 40 டிகிரியைத் தொடும் ஊரில் அது என்ன செய்யும்? ஹாலில் இரவு பகலாக ஏ.சி. ஓடுகிறது. சார் மட்டும் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் வியர்த்து வழிவார். "நமக்கெதுக்கு ஏ.சி.? பூமி சூடாகுதே தம்பி." ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவை, அதில் ஒன்றை வளர்த்திருக்கலாமே என்றேன். "அதெல்லாம் காவலுக்கு. இது ஃபேமிலி" என்றார். ஃபேமிலியின் கரண்ட் பில்லைப் பார்க்கிற வேலை அவர் வீட்டம்மாவுக்கு.

வரகு கதை வேறு. கடையில் விற்கும் பூனை மண்ணில் பெரும்பாலானது பென்டோனைட் களிமண். குஜராத்தின் கட்ச் பக்கம் நிலத்தைத் தோண்டி எடுப்பது, மக்காது. இதைப் படித்த அன்றே சார் மரக்கடையிலிருந்து ஒரு மூட்டை மரத்தூள் வாங்கிவந்தார். நல்ல யோசனை. விலையும் சல்லிசு, நாற்றமும் அமுங்கும். அதோடு விட்டாரா? வரகு உபயோகித்த தூளை மொட்டைமாடித் தக்காளித் தொட்டிகளில் கொட்டினார். தக்காளி தளதளவென்று காய்த்தது. வீடு வீடாகக் கொடுத்தார். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் இதையும் பெருமையாகச் சொல்ல, டாக்டர் நிமிர்ந்து பார்த்தாராம். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், காய்கறிக்கு அதைப் போடவே கூடாது, கர்ப்பிணிகளுக்கு ரொம்ப ஆபத்து என்றாராம். செய்தி சாருக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் கூடையோடு வந்தவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை.

அடுத்து, கறி தின்றால் கார்பன் என்று வரகுக்குப் பூசணிக்காயும் சோயாவும் வைத்தார். பூனை அசைவத்துக்கென்றே படைக்கப்பட்ட பிராணி. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற டாரின் போதாவிட்டால் கண்ணும் போகும், இதயமும் கெடும். இதையெல்லாம் வரகு படித்திருக்க நியாயமில்லை. அது பாட்டுக்குச் சுவரேறிக் குதித்து மீன்கார அக்காவிடம் போய்விட்டது.

அக்கா அரிவாள்மணையில் சங்கராவைச் சரக்சரக்கென்று செதில் சீவிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் ஒரு பழைய அலுமினியச் சட்டியில். பக்கத்தில் காது நுனி வெட்டிய, கருத்தடை ஆன தெருநாய் ஒன்று. வரகு கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது. தேடிக்கொண்டு வந்த சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அக்கா, இந்தத் தலை கிலோ என்ன விலை?"

"கழிச்சுக் கட்டுறதுக்கு யாரு சார் காசு வாங்குவா? சட்டி கொண்டாங்க, தரேன். வேக வெச்சு முள்ளு எடுத்துப் போடுங்க."

காசே கேட்காத பொருளை எப்படி நம்புவது? சார் முகம் சுருங்கியது.

"ஆர்கானிக்தானே?"

"கடலுக்கு யாரு சார் யூரியா போட்டா?"