மீன் ஒரு சாக்கு: சித்தியவான் குவாலி வண்டல் பற்றிய ஓர் ஆய்வு

மீன் பொரிப்பது மீன் தின்பதற்காகவே என்ற கருத்து நெடுங்காலமாக மறுப்பின்றி நிலவி வருகிறது. சமையற்கலை அறிஞர்கள் அதை முடிந்த முடிபாகக் கொண்டு, தங்கள் புலமை முழுவதையும் மிளகாய்த்தூளின் அளவிலும் அடுப்பின் தீயிலும் செலவிட்டுவிட்டனர். பொரித்து முடித்த குவாலி என்னும் வாணலியின் அடியில் செக்கச்செவேலென்று கிடக்கும் வண்டலைப் பற்றி அவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த வண்டலே நோக்கம், மீன் வெறும் சாக்கு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம் பேராக் மாநிலத்துச் சித்தியவான். பக்கத்திலேயே லூமுட், அதற்கு எதிரே பங்கோர் தீவு. 1874-இல் பேராக்கின் தலையெழுத்தை மாற்றிய ஒப்பந்தம் அந்தத் தீவை ஒட்டிக் கையெழுத்தானதைப் பாடநூல்கள் மறக்காமல் சொல்கின்றன. அதே கடலின் மீனைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. வரலாற்றாசிரியர்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பதற்கு இது போதும். பசாரில் கெம்போங், செலார், செஞ்சாரு மீன்கள் அன்றாடப் பாட்டுக்கு. தெங்கிரி, விருந்தாளி வந்தால். அல்லது சம்பளம் வந்தால்.

எண்ணெயும் உள்ளூர் விவகாரம்தான். இவ்வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வெட்டியது ரப்பர்ப் பால். 1960-களிலிருந்து நாடெங்கும் பால்மரக் காடுகள் செம்பனைக்கு மாறின. சித்தியவான் சுற்றுவட்டாரமும் தப்பவில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசையில் போய் நின்றவரின் பேத்தி, இன்று ஒரு கிலோ செம்பனை எண்ணெய்ப் பாக்கெட்டை 2 வெள்ளி 50 காசு மானிய விலைக்கு வாங்கிவந்து, முனையைக் கத்தரித்துக் குவாலியில் ஊற்றுகிறாள். அதிகச் சூட்டையும் தாங்கும் எண்ணெய் அது. மரம் மாறியதால் மக்கள் பட்ட பாட்டை வேறு ஆய்வாளர்கள் எழுதட்டும். நமக்கு வேலை அடுப்படியில்.

மசாலாவில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அரைத்த இஞ்சி பூண்டு சோம்பு, கொஞ்சம் புளிக்கரைசல் என்ற அளவில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போகிறது. (கவிச்சி வாடைக்குக் காரணமான அமீன்களைப் புளிப்பு அடக்கும், எந்தப் பாட்டியும் வேதியியல் படித்துவிட்டுப் புளி கரைக்கவில்லை.) சண்டை அரிசி மாவில் தொடங்குகிறது. மாவுக் கட்சி மொறுமொறுப்பைக் காட்டி வாதிடும். மாவு மறுப்புக் கட்சி, “அது மீனா, பஜ்ஜியா?” என்று ஒரே கேள்வியில் வழக்கை முடித்துவிடும். இக்கட்டுரை மறுப்போர் பக்கம். மாவு போட்டால் வண்டலின் எடை கூடும், தரம் குறையும்.

இனிச் சான்றுகள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். மஞ்சளின் நிறமும் அப்படியே. ஆகவே முதல் ஈட்டு மீன் சட்டியில் இறங்கிய நொடியிலிருந்தே காரமும் நிறமும் மீனைக் கைவிட்டு எண்ணெய்க்குக் குடிபெயர்கின்றன. மசாலாவின் உதிர்ந்த பகுதி அடியில் படிந்து, அந்த எண்ணெயிலேயே ஊறி முறுகுகிறது. இரண்டாம் ஈடு அதன்மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. மூன்றாம் ஈட்டில் கருவேப்பிலை விழுந்து படபடவென்று பொரிகிறது. ஒவ்வோர் ஈட்டிலும் மீன் கொஞ்சம் இழக்கிறது, வண்டல் கொஞ்சம் பெறுகிறது. கணக்கு இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் உலகம் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மிளகாயின் காரத்தை அளக்க ஸ்கோவில் என்ற அமெரிக்கர் வழி கண்டது 1912-இல். சூட்டில் உணவு சிவந்து மணப்பதன் வேதியியலை மையார் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டதும் அதே 1912-இல். காரமும் முறுகலும் ஓராண்டிலேயே அறிவியலுக்குள் வந்திருக்கின்றன. இருவரும் ஒரே குவாலியை எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

ஓர் எச்சரிக்கை. ஈடுகள் கூடக்கூட வண்டல் செம்மையிலிருந்து கருமைக்குப் போகும். செவ்வண்டல் அமுதம், கருவண்டல் கசப்பு. தீயைக் குறைத்து, மீனை அவசரப்பட்டுத் திருப்பாமல், அது தானாகச் சட்டியை விட்டு நகரும்வரை காத்திருப்பவர்க்கே செவ்வண்டல் கிட்டும். அவசரக்காரர் கரண்டியால் கிண்டினால் தோல் பிய்ந்து சட்டியோடு போய்விடும். அதுவும் வண்டலுக்கே லாபம் என்பதால், குழந்தைகள் அந்தத் தவற்றைக் கண்டிப்பதில்லை.

நடத்தைவழிச் சான்று இன்னும் வலுவானது. கடைசித் துண்டு தட்டுக்கு ஏறியதும் வீட்டார் மீனைத் தொடர்ந்து மேசைக்குப் போவதில்லை. சுடுசோற்றுடன் அடுப்படிக்கு வருகிறார்கள். மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, சோற்றைக் குவாலியில் கொட்டி, அடியைச் சுரண்டிப் பிசைகிறார்கள். “மீனு அங்க மேசையில இருக்கு, நீ என்னாடா குவாலிய நக்கிகிட்டு இருக்க?” என்று அம்மா அதட்டுவார். அதட்டும்போதே அவர் கை தமக்கென்று ஓர் உருண்டையை ஒதுக்கிவைப்பதைக் கவனிக்கத் தவறிய ஆய்வாளர் களப்பணிக்கு லாயக்கற்றவர். குவாலிச் சோறு தின்றவரே குவாலியைக் கழுவ வேண்டும் என்ற சட்டமும் உண்டு. அந்தத் தண்டனைக்கும் அஞ்சாமல் போட்டி நடக்கிறது.

பொரித்த மீனைக் கம்போங் கோ மிளகாய் சாஸில் தொட்டுத் தின்போரை எதிர்த்தரப்பினர் சாட்சிக்கு அழைக்கலாம். 1903 முதல் ஃபூச்சோ சீனர்கள் குடியேறி வளர்த்த இந்த ஊரின் பூண்டு மணக்கும் அந்தப் புட்டியை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் சாட்சி நம் பக்கமே பேசுகிறது. காரத்தை எல்லாம் எண்ணெயிடம் பறிகொடுத்த மீனுக்குத்தானே தொட்டுக்கொள்ள ஒன்று வேண்டும்? குவாலிச் சோற்றுக்கு எவரும் சாஸ் கேட்டதில்லை.

எஞ்சிய ஒரே அச்சுறுத்தல், 1938-இல் ராய் பிளங்கெட் வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்ட டெஃப்லான். அதைப் பூசிய சட்டியில் மீன் ஒட்டாது. தோல் கிழியாமல், படத்தில் போடும் அழகோடு வரும். அடியில் பொருக்கும் பிடிக்காது. அப்படியொரு சட்டி புதிதாக வந்த வீட்டில், சோற்றுத் தட்டோடு அடுப்படிக்கு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மேசைக்குப் போய் மீனைத் தின்றார்.