ஆளுநர் மாளிகை பக்கம் பாருங்கள்

கேள்வி: 2027 குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இப்போதே பல பெயர்கள் அடிபடுகின்றனவே, யார் வருவார்?

பதில்: அடிபடுகிற பெயர்களை முதலில் அடித்துவிடுங்கள். 2017-ல் அத்வானி, அத்வானி என்றார்கள். வந்தவர் பீகார் ஆளுநராக இருந்த ராம்நாத் கோவிந்த். 2012-ல் மம்தாவும் முலாயமும் மூன்று பெயர்களைச் சொன்னார்கள்: கலாம், சோம்நாத் சட்டர்ஜி, அப்புறம் மன்மோகன் சிங். பதவியில் இருக்கும் பிரதமரைக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அனுப்பி வைக்கப் பார்த்த துணிச்சல் யாருக்கு வரும்! இரண்டே நாளில் முலாயம் காங்கிரஸ் நிறுத்திய பிரணாப் முகர்ஜி பக்கம் தாவிவிட்டார். மம்தா தனியே நின்றார். 2022-ல் எதிர்க்கட்சிகளின் பாடு இன்னும் மோசம். பவார், ஃபரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி என மூவருமே ‘நான் இல்லை சாமி’ என்று ஒதுங்கிய பிறகுதான் யஷ்வந்த் சின்ஹா அகப்பட்டார்.

துப்பு வேண்டுமென்றால் ஆளுநர் மாளிகைகளைக் கவனியுங்கள். குடியரசுத் தலைவரான பிரதீபா பாட்டீல், கோவிந்த், முர்மு மூவருமே அதற்கு முன் ஆளுநர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். நம் ஊர் ஆளுநர்களையும் சேர்த்தா என்று கேட்காதீர்கள். ஓட்டுப் போடுவது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான், நமக்கு அந்தப் பாவம் இல்லை.